ஒரு கிண்ணம் மொறுமொறு

"அப்பா, எடுங்க! சீக்கிரம் எடுங்க!"

கத்தியவள் சில்வண்டு. எப்போதும் எதையாவது கறுக் மொறுக்கென்று கடித்துக்கொண்டே இருப்பதால் வீட்டில் வைத்த பெயர்.

அப்பா ஜல்லிக்கரண்டியை விட்டு அள்ளினார். எண்ணெய் படபடவென்று வெடித்தது. வெளியே வந்தது நூடுல்ஸ் இல்லை. பந்து! மேலே கருப்பு, உள்ளே கொழகொழ.

"இதுக்கு பஸ் ஓட்டுறதே மேல்," என்று நெற்றியைத் துடைத்தார் அப்பா. அவர் வேலை அதுதான்.

"ஈரத்தோட போட்டுட்டோம்பா. அதான் வெடிக்குது."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டும் சித்தி சாப்பாட்டைத் தொடவில்லை. 'ராத்திரிக்குள்ள ஒரு கிண்ணமாவது உள்ள போகணும். இல்லைன்னா கூட்டிட்டு வாங்க, டிரிப்ஸ் ஏத்திடலாம்' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊசிக்கும் சித்திக்கும் ஏழாம் பொருத்தம்.

காலையிலிருந்து அப்பாவும் விடவில்லை. பழம் நறுக்கினார். ரொட்டி சுட்டார். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

"உங்க சித்தி ஓட்டல்ல சமைக்கிறவ. மூடியைத் திறந்ததுமே உப்பு கூடவா குறைச்சலான்னு சொல்லிடுவா. அவ நாக்குக்கு என் சமையல் எங்க பிடிக்கப்போகுது!" என்று அலுத்துக்கொண்டார்.

சில்வண்டு மட்டும் திரும்பி வந்த தட்டை உற்றுப் பார்த்தாள். ரொட்டியின் நடுப்பகுதி அப்படியே இருந்தது. சுற்றியிருந்த மொறுமொறு ஓரத்தை மட்டும் காணோம்!

அப்போது பிறந்ததுதான் இந்த நூடுல்ஸ் யோசனை.

மிச்சமிருந்த வேகவைத்த நூடுல்ஸை அவள் துணியில் பரப்பினாள். ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தாள். உதிரியாகப் பிரித்துச் சோள மாவைத் தூவினாள். அதற்குள் பக்கத்து அடுப்பில் அவள் வைத்திருந்த சூப் கொதித்தது. அப்பா உப்பைப் போட்டுக் கலக்கினார்.

"இப்ப ஒரே ஒரு இழை போடுங்கப்பா."

இழை எண்ணெயில் விழுந்தது. சடசடவென்று நுரைத்துக்கொண்டு மேலே மிதந்தது.

"எண்ணெய் காய்ஞ்சிருச்சு! கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. ரைட், போகலாம்!"

"உத்தரவு, கண்டக்டரம்மா!"

பொன்னிறம் வந்ததும் அள்ளி, காகிதத்தில் வடியவிட்டார் அப்பா. அப்படியே சூப்பின் மேல் கொட்டப் போனவரைச் சில்வண்டு தடுத்தாள்.

"இங்கயே போட்டா நமுத்துடும். சித்தி முன்னாடி போடலாம்."

சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "வேண்டாம்டி, எடுத்துட்டுப் போ."

 சில்வண்டு நாலு இழைகளை எடுத்து வாயில் போட்டாள்.

மொறுக்!

சித்தி திரும்பினார். "என்னது அது?"

சூப்பின் மேல் ஒரு கைப்பிடி தூவிக் கிண்ணத்தை நீட்டினாள். சித்தி ஒரு கரண்டி எடுத்தார். மொறுக். இன்னொரு கரண்டி. மொறுக், மொறுக். கிண்ணம் காலி!

"இன்னும் இருக்கா?"

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்கு ஓடினார். பின்னாலேயே சில்வண்டும் ஓடினாள். மிச்சச் சூப்பை அப்பா ஒரு வாய் வைத்தார்.

"தூ! கடல் தண்ணி! நான் அளவாத்தானே உப்பு போட்டேன்?"

"ஐயோ, நீங்க போட்டுட்டீங்களா? நானும் போட்டேனே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூடியைத் திறந்ததுமே உப்பைக் கண்டுபிடிக்கும் சித்தி. முழுக் கிண்ணத்தையும் காலி செய்திருக்கிறார். முகம்கூடச் சுளிக்கவில்லை.

சில்வண்டு மெதுவாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சித்தி, சூப்ல உப்பு எப்படி?"

சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். "சரியாத்தான் இருந்துச்சு."

சில்வண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவும் போட்டாரு, நானும் போட்டுட்டேன் சித்தி."

 சித்தி கலங்கிய கண்ணோடு சிரித்துவிட்டார்.

"காய்ச்சல் வந்ததுல இருந்து நாக்குல ஒண்ணுமே தெரியலடி. எதைப் போட்டாலும் பஞ்சை மெல்லுற மாதிரி. சமைக்கிறவ இதை எப்படி வெளிய சொல்லுவேன்? ஆனா உன் நூடுல்ஸ் இருக்கே... அந்தச் சத்தம் மட்டும் அவ்வளவு ருசியா இருந்துச்சு!"