நான்காவது கம்பம்

கக்கட மாதத்து, அதாவது ஆடி மாதத்து மழை எங்கள் குடகில் பகலையும் தின்றுவிடும். கல்லுமொட்டெ பங்களாவின் படிகளில் நான் ஏறியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான். ஆனால் வராந்தாவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காபித் தோட்டம் முழுவதும் மூடுபனிக்குள் போயிருந்தது. மரம் விழுந்து வழி அடைபட்டதால் ஜீப்பைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தேன். காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தபோது பெள்ளியப்பா மாமா எட்டிப் பார்த்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பங்களாவுக்கு இப்போது அவர்தான் காவல்.

"வா தேச்சு. ஆளு மாத்தி ஆளு அனுப்புற அளவுக்கு அப்படி என்ன கோளாறு?"

"நான் மட்டும்தானே வந்திருக்கேன், மாமா."

"அப்போ உள்ள இருக்கறது யாரு? உனக்கு முன்னாடியே ஒருத்தர் வந்துட்டாரே. மழைக்கோட்டு போட்டு, தலையை மூடிக்கிட்டு. கும்பிட்டேன், ஒரு பதில் இல்ல. மடிக்கேரிக்காரங்களுக்கே திமிர் ஜாஸ்தின்னு விட்டுட்டேன்."

நான் யாரையும் அனுப்பவில்லை. அனுப்ப ஆளும் இல்லை.

காலையில் மடிக்கேரியில் என் வீட்டிலிருந்தபடியே இந்தப் பங்களாவில் இருக்கும் சர்வருக்குக் கெர்னல் அப்டேட் போட்டிருந்தேன். கெர்னல்தான் கணினியின் உயிர்நாடி. புதிதாகப் போட்டால் கணினி ஒருமுறை அணைந்து எழ வேண்டும். அணைந்தது. எழவில்லை. வேறு கணினியாக இருந்திருந்தால் மழை விட்டதும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பேன். இதன் வேலை வேறு. எதிரே இருக்கும் சரிவில் நட்ட கம்பங்கள், மண் எவ்வளவு சாய்கிறது என்பதை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். சர்வர் அதைக் கேட்கும். ஆபத்து என்றால் அடிவாரத்தில் ஹொளேகேரியில் சைரன் ஊதும். காலையிலிருந்து அந்த ஊர் காது கேளாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

மருந்தறையாக இருந்த பின்னறையில்தான் சர்வர். கதவு சாத்தியிருந்தது.

உள்ளே யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

நிதானமான தட்டல். கொஞ்சம் யோசித்து, மறுபடி தட்டல். நான் கதவைத் தள்ளியதும் நின்றுவிட்டது.

யாரும் இல்லை. ஜன்னல் கொக்கி உள்பக்கம் மாட்டியே இருந்தது. அப்போதுதான் வெட்டிய மண்ணின் வாடை அறையெங்கும் நிறைந்திருந்தது. நாற்காலி நனைந்திருந்தது. விசைப்பலகையின் சந்துகளில் தண்ணீர் தேங்கி நின்றது.

"போயிட்டார் போல" என்றார் மாமா. ஆனால் வெளியே போக வேறு வழி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

திரையைப் பார்த்தேன். எந்தக் கெர்னலில் எழலாம் என்று கேட்கும் பட்டியல் தெரிந்தது. அந்தப் பட்டியல் சில நொடிகள்தான் காத்திருக்கும். யாரும் விசையைத் தொடாவிட்டால், தானாகவே புதியதைத் தேர்ந்தெடுத்து ஓடத் தொடங்கிவிடும். இது நின்றுகொண்டிருந்தது. யாரோ தொட்டிருக்கிறார்கள்.

பட்டியலில் மூன்று வரிகள். இன்று போட்ட புதியது. நேற்றுவரை ஓடியது. கடைசியாக ஒன்று, உத்தய்யா காலத்துப் பழையது. இந்தச் சைரன் ஏற்பாடு முழுவதும் உத்தய்யா தன் கையால் செய்தது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு, நான்காவது கம்பம் பேசவில்லை என்று பார்க்கப் போனார். சரிவு கம்பத்தையும் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. உடல் கிடைக்கவில்லை. அந்தப் பழைய கெர்னலை அழிக்க ஏனோ எனக்குக் கை வரவில்லை.

புதியதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பாதியில் உறைந்து நின்றது. கெர்னல் கோப்புகள் இருக்கும் பகுதி நிரம்பிப்போய், தொடக்கக் கோப்பு பாதிதான் எழுதப்பட்டிருக்கும் என்று ஊகித்தேன். பயப்படும்படியான விஷயம் இல்லை. நேற்றைய கெர்னலில் எழுப்பி, இடத்தைக் காலி செய்து, கோப்பைத் திரும்ப எழுதினால் தீர்ந்தது.

மறுபடி பட்டியலை வரவழைத்து, நேற்றையதன் மேல் நிறுத்தினேன்.

வெளிச்சப் பட்டை ஒரு வரி கீழே இறங்கியது.

ஈரத்தில் விசை ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மேலே ஏற்றினேன். இறங்கியது. மறுபடி ஏற்றினேன். இறங்கியது. விசைப்பலகையின் வயரைப் பிடுங்கித் தரையில் போட்டேன்.

பட்டை பழைய கெர்னலின் மேலேயே நின்றது.

பிறகு திரை கறுத்தது. எழுத்துகள் ஓடத் தொடங்கின. எதையும் தொடாமலே, உத்தய்யாவின் கெர்னல் எழுந்துகொண்டிருந்தது.

"மாமா, நீங்க பாத்தீங்கல்ல? நான் தொடவே இல்ல."

மாமா வாசற்படியிலேயே நின்றார்.

கம்பங்களின் ரேடியோவைக் கேட்கும் ரிசீவரின் பச்சை விளக்கு மினுங்கியது. கம்பங்கள் பேசத் தொடங்கின. ஒன்று, சாய்வு இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, இல்லை. மூச்சு விட்டேன்.

நான்கு.

நான்காவது கம்பத்தின் ரேடியோ உத்தய்யா தானே செய்தது. அதன் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற நிரலையும் அவரே எழுதினார். அது அந்தப் பழைய கெர்னலில் மட்டும்தான் ஓடும். ஆனால் கம்பமே மண்ணுக்குள் போய்விட்டதே! அது சொன்ன எண் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று டிகிரி. நான்கு. ஆறு.

இரண்டு கம்பங்கள் ஒரே நேரத்தில் சொன்னால்தான் சைரன் தானாக ஊதும். ஒன்று மட்டும் சொன்னால் மனிதர் முடிவெடுக்க வேண்டும். ஹொளேகேரி அங்கன்வாடி டீச்சர் கங்கம்மாவுக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், அங்க எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும், ஒழுகுது. ஏன், மறுபடி ஊதப் போறீங்களா? போன மாசம் சும்மா ஊதினீங்க. புள்ளைங்கள இடுப்புல தூக்கிட்டு ஸ்கூல் மேடு வரைக்கும் ஏறினோம். திரும்பி வந்தா அடுப்புல வெச்ச சோறு கரி. இன்னொரு தடவை சும்மா ஊதினீங்கன்னா, அப்புறம் ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க. சொல்லிட்டேன்."

அவள் சொன்னது நியாயம். இல்லாத கம்பத்தின் பேச்சைக் கேட்டு ஊதினால், நாளை உண்மையாக மலை இறங்கும்போது யாரும் நகர மாட்டார்கள். விசைப்பலகையை எடுத்து மாட்டினேன். விரல் விசைமேல் நின்றது. அழுத்த மனம் வரவில்லை.

ஒன்பது டிகிரி.

மண் வாடை என் முகத்துக்கு அருகில் வந்தது.

"தேச்சு." மாமாவின் குரல் மூச்சளவுக்குத்தான் இருந்தது. "திரும்பாத."

"என்ன மாமா?"

"உன் நாற்காலிக்குப் பின்னால நிக்கறார்."

என் தோளுக்கு மேலே குளிர்ந்த காற்று இறங்கியது. ஜன்னல் மூடித்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினேன்.

அடிவாரத்திலிருந்து சைரன் எழுந்து மலையெங்கும் மோதிற்று. போனில் கங்கம்மா என்னைத் திட்டியபடியே யாரையோ எழுப்பிக்கொண்டிருந்தாள். "ஏ பைரா, கிழவிய தூக்குடா! திட்டறத மேல போய்த் திட்டிக்கலாம்!"

கண்ணைத் திறந்தபோது பின்னால் யாரும் இல்லை. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் பிணம் சுமந்த மனிதர் அவர். அவருடைய பற்கள் கிட்டியிருந்தன.

கடைசிக் குடும்பம் பள்ளிக்கூட மேட்டை அடைந்த பிறகு மலை இறங்கியது. முதலில் இடி என்றுதான் நினைத்தோம். இடி நிற்க வேண்டுமே, அது நிற்கவில்லை. மூடுபனி விலகியபோது, ஹொளேகேரி இருந்த இடத்தில் சிவப்பு மண் நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாக் கம்பங்களும் மௌனமாயின.

கங்கம்மா மறுபடி அழைத்தாள். அழுதாள். "எல்லாரும் இருக்கோம் தேச்சக்கா. எல்லாரும் இருக்கோம்."

மழை ஓய்ந்ததும் மண்ணைத் தோண்டியவர்கள் நான்காவது கம்பத்தைக் கண்டெடுத்தார்கள். பேட்டரி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. ஆண்டெனா இருந்த இடத்தில் ஓட்டை மட்டும். உத்தய்யா கிடைக்கவில்லை.

பங்களா இனி பாதுகாப்பில்லை என்று சர்வரை மடிக்கேரிக்கு என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஊகித்தபடியே கோளாறு இடப் பற்றாக்குறைதான். காலி செய்து, தொடக்கக் கோப்பைத் திரும்ப எழுதினேன். உத்தய்யாவுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டுவிட்டு, பழைய கெர்னலையும் அவருடைய டிரைவரையும் என் கையாலேயே அழித்தேன். புதிய கெர்னல் ஒரு பிழையும் இல்லாமல் எழுந்தது.

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் அம்மா கடம்புட்டுக்கு அரிசி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ரிசீவரை இன்னும் அட்டைப்பெட்டியிலிருந்து நான் எடுக்கவே இல்லை.

திரையில் ஒரு வரி வந்து விழுந்தது.

கம்பம் நான்கு. சிக்னல் முழு அளவு.

ரேடியோவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால்தான் அந்த அளவு வரும். சாய்வு பூஜ்யம். அதாவது, நேராக நிற்கிறது.

கையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்தேன். சாய்வு இரண்டு டிகிரி.

ஐந்து.

பத்து.

என் தோளுக்கு மேலே திரையைப் படிக்க யாரோ மெல்லக் குனிவதுபோல, எண் ஏறிக்கொண்டே இருந்தது.