பெயருக்குப் போதாத பெட்டி

டெரன்ஸ் தன் தாடையை விசைப்பலகையின் மேல் வைத்து அழுத்தினான். திரையில் இருந்த பெயர்ப் பெட்டிக்குள் சாய்கோடுகளும் காற்புள்ளிகளும் வரிசையாக ஓடின.

"என் பேரு எவ்ளோ நீளம் பாத்தீங்களா?" என்றான்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரேச்சல் மட்டும் சிரிக்கவில்லை. நூல்நிலையத்தின் அந்தக் கணினி நிரலை எழுதியவள் அவள்தான்.

"கச்சாவ் பண்ணாத லா டெரன்ஸ், தொல்லை குடுக்காத," என்றாள். ஆனால் டெரன்ஸ் அதற்குள் பச்சைப் பொத்தானையும் அழுத்திவிட்டான். அன்றைய இரவல் பட்டியல் முழுவதும் சாய்கோடுகள் நிறைந்துவிட்டன.

அலோர் காஜாவுக்கு அருகில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்த சிறிய தமிழ்ப்பள்ளி அது. ரேச்சல் அங்கே ஐந்தாம் ஆண்டு படித்தாள். அவள் அப்பா ரெஜினால்ட், குருபோங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய பழைய மடிக்கணினி கைக்கு வந்ததும், ரேச்சல் அதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து நூல்நிலையத்துக்காக ஒன்றை எழுதி முடித்தாள்.

நிரலைத் திறந்தால் திரையில் ஒரு சாளரம் வரும். அதில் முழுப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு பெட்டி, புத்தக எண் எழுத ஒரு பெட்டி, கீழே 'இரவல் எடு' என்ற பச்சைப் பொத்தான். அவ்வளவுதான். நூல்நிலையப் பொறுப்பாசிரியை மனோரஞ்சிதம் டீச்சர் அதைப் பார்த்துவிட்டுப் பழைய பதிவுப் புத்தகத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

டெரன்ஸின் தாடை வேலை செய்த அன்று மாலையே ரேச்சல் நிரலில் இரண்டு விதிகளைச் சேர்த்தாள். பெயர்ப் பெட்டி எழுத்துகளையும் இடைவெளியையும் மட்டும்தான் ஏற்கும். இருபது எழுத்துக்கு மேல் போகவும் போகாது. வேறு ஏதாவது குறியைத் தட்டினால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். திரையில் சிவப்பு நிறத்தில் 'பெயர் தவறு' என்று வரும்.

மறுநாள் டெரன்ஸ் மறுபடி தாடையை வைத்தான். டொக். பெயர் தவறு.

"சே," என்று சொல்லிவிட்டு ஒழுங்காகப் பெயரைத் தட்டினான். ரேச்சலுக்கு அன்று முழுவதும் கால் தரையில் படவில்லை.

இரண்டு வாரம் ஒரு தொல்லையும் இல்லை. வியாழக்கிழமை காலையில் மனோரஞ்சிதம் டீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, சுங்கை ரம்பாயில என் சிநேகிதி ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா. உன் புரோகிராமைக் கேட்டவ. நாளைக்கு அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க டீச்சர்," என்றாள் ரேச்சல். தன் குரல் ஏன் இப்படிக் கீச்சென்று வருகிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நல்லது. அதோட இன்னொன்று. முதலாம் ஆண்டுப் பெரியநாயகி வாரத்துக்கு ரெண்டு புத்தகம் கொண்டு போறவ. இப்ப பட்டியல்ல அவ பேரையே காணேல்ல. என்னெண்டு கேட்டுப் பார்."

ஓய்வு நேரத்தில் ரேச்சல் நூல்நிலையத்துக்குப் போனாள். பெரியநாயகி அங்கேதான் இருந்தாள். கடைசி அலமாரிக்குப் பின்னால் தரையில் சம்மணமிட்டு, யானைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் படித்த பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்து மூடினாள். எழுந்து, தடித்த அகராதிக்குப் பின்னால் புத்தகத்தை ஒளித்து வைத்தாள்.

"ஏன் பாப்பா அங்க வைக்கிற?" என்று ரேச்சல் கேட்டாள்.

பெரியநாயகி திடுக்கிட்டுத் திரும்பினாள். "வேற யாரும் எடுத்துறக் கூடாதுன்னுதான் அக்கா. நான் இன்னும் முடிக்கல. தினமும் நாலு பக்கம் படிக்கிறேன்."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமே?"

"முடியாது. என் பேரு தப்பு."

"என்னது?"

"கம்ப்யூட்டர் சொல்லுது. மூணு தடவ சொல்லுச்சு." சிறுமி காலணியின் நுனியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பெரியநாயகி ஏ/பி கணேஸ்வரன். எங்க டீச்சர் பொறப்புப் பத்திரத்துல இருக்கற மாதிரியே எழுதணும்னு சொன்னாங்க. நான் அப்படியே எழுதுனேன். டொக்குன்னு கத்துச்சு."

ஏ/பி. இன்னாரின் மகள் என்பதற்கு எல்லாப் பத்திரத்திலும் போடுகிற குறி. நடுவில் ஒரு சாய்கோடு. அந்தச் சாய்கோட்டைத்தான் ரேச்சல் தடுத்து வைத்திருந்தாள்.

அவளுடைய சொந்தப் பெயரில் அது இல்லை. வீட்டில் எல்லாருக்கும் ரேச்சல் ரெஜினால்ட் என்பது போலத்தான் பெயர். நிரலை எழுதும்போது அந்தப் பெயரைத் தட்டித் தட்டித்தான் அவள் சோதித்தாள்.

"வரிசையில பின்னால நின்ன மெலிசா அக்கா, ஏ/பியையும் அப்பா பேரையும் எடுத்துரு, ஓடும்னு சொன்னாங்க," என்றாள் பெரியநாயகி. "நான் மாட்டேன்னுட்டேன். அப்பா பேரு எனக்கு வேணும்."

அவள் வகுப்புக்கு ஓடிவிட்டாள். ஏழு வயதுப் பிள்ளையிடம் உன் பெயர் தவறு என்று சொன்னது கணினி அல்ல. அந்த இரண்டு சொற்களைத் தட்டியவள் ரேச்சல்தான்.

வகுப்பில் பக்கத்து மேசைத் தர்ஷனிடம் சொன்னாள்.

"ஓ, அதுவா," என்றான் தர்ஷன். "எல்லாருக்கும்தான் டொக்குன்னு வரும். நாங்க சும்மா சின்னப் பேரை மட்டும் போட்டுருவோம்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலயே."

ரேச்சல் பென்சிலை எடுத்து, நோட்டில் 'ஏ/பி' என்று எழுதி வட்டமிட்டாள்.

"விடு லா," என்றான் தர்ஷன். "நல்லாதானே ஓடுது. டீச்சர் நாளைக்கு அனுப்பப் போறாங்க. இப்போ போய் கைய வச்சு எதையாவது உடைச்சிறாத."

பள்ளி முடிந்ததும் ரேச்சல் நூல்நிலையக் கணினியில் இரவல் பட்டியலைத் திறந்து பார்த்தாள். வாணி, யானைப் புத்தகத்துக்குப் பக்கத்து எண். வாணி, ஒரு பழமரப் புத்தகம். வாணி, ஒரு கோள்கள் புத்தகம். பள்ளியில் மூன்று வாணிகள் இருந்தார்கள். எந்த வாணியிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அங்கிருந்து அவள் ஆசிரியர் அறைக்குப் போனாள். வாசலில் இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

"டீச்சர், நாளைக்கு அனுப்பாதீங்க."

மனோரஞ்சிதம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். ரேச்சல் நடந்ததை எல்லாம் சொன்னாள். சாய்கோடு, டொக், அகராதிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் யானைகள், மூன்று வாணிகள். எதையும் விடவில்லை.

"நானும் ரெண்டு வாரமா பட்டியலைப் பார்த்தனான். எனக்கும் தெரியேல்ல," என்றார். "எத்தினை நாள் வேணும்?"

"திங்கக்கிழமை வரைக்கும். அப்புறம் எல்லாப் பிள்ளைங்க பேரும் இருக்கற லிஸ்ட் வேணும் டீச்சர். நான் இங்கயே உட்கார்ந்து பாத்துட்டுத் தந்துடறேன்."

எண்பத்தாறு பெயர்களையும் அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏ/பி இருந்தது. ஆண் பிள்ளைகளுக்கு ஏ/எல் இருந்தது. நான்கு பெயர்களில் புள்ளி வந்தது. ஒரு பெயரின் நடுவில் சிறு கோடு இருந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

மாலையில் தர்ஷன் சைக்கிளில் அவள் வீட்டுக்கு வந்தான். கைய வைக்காதே என்று சொன்னவனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். ரேச்சல் விதியை மாற்றினாள். சாய்கோடு, புள்ளி, சிறு கோடு மூன்றுக்கும் பெட்டி வழி விட்டது.

"சரி, டெரன்ஸ் மறுபடி தாடைய வச்சா?" என்றான் தர்ஷன்.

இருவரும் யோசித்தார்கள். யார் பெயரிலும் ஒரே குறி நான்கு முறை தொடர்ந்து வராது. அப்படி வந்தால் மட்டும் தடுத்தால் போதும். அதற்கு என்ன எழுதுவது என்று தர்ஷன் சொன்னான். ரேச்சல் சிரித்துக்கொண்டே அதைத் தட்டினாள்.

கடைசியில் 'பெயர் தவறு' என்ற சொற்களை அழித்தாள். அந்த இடத்தில் 'இந்தக் குறி எனக்கு இன்னும் தெரியாது. ரேச்சல் அக்காவிடம் சொல்லவும்' என்று எழுதினாள். டொக் சத்தத்தையும் எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஓய்வு நேரத்தில் அவள் மாற்றிய நிரலை நூல்நிலையக் கணினியில் ஏற்றிவிட்டு, பெரியநாயகியைக் கையோடு அழைத்து வந்தாள்.

"பேரு தப்பு இல்ல பாப்பா. பெட்டிதான் தப்பு. நான்தான் அதைத் தப்பா செஞ்சேன். இப்போ எழுதிப் பாரேன்."

பெரியநாயகி சந்தேகத்தோடு விசைப்பலகையைப் பார்த்தாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். ஏ. சாய்கோடு வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சத்தம் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்தாள். சாய்கோடு பெட்டிக்குள் நின்றது.

கணேஸ்வரனில் மூன்று எழுத்து தட்டியதும் எல்லாம் நின்றுவிட்டது. பெரியநாயகி நான்காவது எழுத்தைக் குத்தினாள். இன்னும் பலமாகக் குத்தினாள்.

"அக்கா, கீபோர்டு செத்துப்போச்சு."

ரேச்சல் திரையை எட்டிப் பார்த்தாள். இருபது எழுத்து விதி. குறிகளையே தேடிக்கொண்டிருந்ததில் நீளத்தை மறந்துவிட்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"ரெண்டு நிமிஷம் பாப்பா," என்று சொல்லி, எல்லார் முன்னாலும் நிரலைத் திறந்தாள். இருபதை அறுபதாக மாற்றினாள். பெரியநாயகி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை எழுத்துகள் நிற்கவில்லை. ஆனால் பெட்டி சிறியது என்பதால், புது எழுத்து வர வர, பெயரின் முன்பகுதி இடப்பக்கமாக மறைந்தது.

"என் பேரு போகுது அக்கா," என்றாள் பெரியநாயகி. விரலைத் தூக்கிவிட்டாள்.

ரேச்சல் பெட்டியின் அகலத்தைக் கூட்டினாள். போதவில்லை. இன்னும் கூட்டினாள். புத்தக எண் பெட்டியைக் கீழ் வரிசைக்கு இறக்கி, பெயர்ப் பெட்டியைச் சாளரத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நீட்டினாள்.

"டைம் ஆவுது லா," என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இருங்கடா. அது பேர எழுதுது," என்றான் டெரன்ஸ்.

பெரியநாயகி மூன்றாம் முறையாகத் தட்டினாள். யாரும் எழுத்தைச் சுட்டிக் காட்டவில்லை. இருபத்தேழு தட்டு. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அவளும் அவள் அப்பாவும் ஒரே வரியில் இருந்தார்கள். அவள் அதை ஒரு முறை வாய்க்குள் படித்துப் பார்த்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள். பட்டியலின் உச்சியில் பெயர் போய் உட்கார்ந்தது.

அகராதிக்குப் பின்னாலிருந்து யானைகள் வெளியே வந்தன.

அடுத்து வந்த டெரன்ஸ் பழக்கத்தை விடாமல் தாடையை வைத்தான். திரையில் 'தாடையை எடுக்கவும்' என்று வந்தது. அவன் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு தன் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு தட்டினான்.

மனோரஞ்சிதம் டீச்சர் கதவருகில் வந்து நின்றார். "என்ன பிள்ளை, திங்கட்கிழமை அனுப்பலாமா?"

"அனுப்பலாம் டீச்சர். ஆனா அங்க உள்ள பிள்ளைங்க பேரையும் அனுப்பச் சொல்லுங்க. முதல்ல நான் பாக்கறேன்."

வரிசை முடிந்தது. மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பெரியநாயகி மறுபடி வந்து நின்றாள்.

"அக்கா, இன்னொரு தடவ என் பேர எழுதட்டுமா?"

"ஏன் பாப்பா? அதான் பதிவாயிருச்சே."

"ஒருத்தருக்கு ரெண்டு புத்தகம் தருவாங்கல்ல," என்றாள் பெரியநாயகி.

ரேச்சல் நாற்காலியை விசைப்பலகைக்குக் கிட்டத்தில் தள்ளிப் போட்டாள்.