அரைச் சுற்று

எஞ்சின் ஓடாத காரில் பூஸ்ட் மீற்றரின் முள் அசையக் கூடாது. அசைந்தது. திவாகரன் முதலில் மீற்றரைத்தான் சந்தேகித்தான். மூன்று நாள் மட்டக்களப்பு வாவிக்குள் கிடந்து, ஒரு மாதமாக வவுணதீவு வீட்டு முற்றத்தில் நாறிக்கொண்டிருக்கும் காரில் முள்ளிடம் மட்டும் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

கார் அண்ணன் நிலோஜனுடையது. எண்பத்தொன்பதாம் ஆண்டு ஜப்பான் கார். அதற்குக் காத்தான்குடி மெக்கானிக் ஷாமில் ஒரு பழைய டர்போவைப் பூட்டிக் கொடுத்தான். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றைத் திணிப்பது என்று கட்டுப்படுத்தும் கருவி ஆனைவிலை. அதனால் இறால் பண்ணைக் காற்றுக் குழாயில் பூட்டுகிற பிளாஸ்டிக் வால்வொன்றை இடப்பக்க சீட்டுக்கு முன்னால், டாஷ்போர்டுக்குக் கீழே பொருத்தினார்கள். திறந்தால் பூஸ்ட் கூடும், மூடினால் குறையும். திருகுவது தம்பியின் வேலை. அண்ணனின் வண்டி வயிறு அவரைக் குனிய விடாது.

விபத்து நடந்த அன்று காலை, புறப்பட முன் அண்ணன் சொன்னார்: "ரோட்டு நனைஞ்சு கிடக்கு. குறைச்சு விடுடா."

திவாகரன் அரைச் சுற்றுத் திறந்தான். "குறைச்சிட்டன்" என்றான். பகிடிக்கு. அண்ணன் வெருண்டு வந்து கத்துவதைப் பெடியளுக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று.

தனியாகப் போன அண்ணன் காரோடு வாவிக்குள் பாய்ந்து செத்தார். பொலிஸ் டயரை மட்டும் பார்த்துவிட்டு அதிவேகம் என்று எழுதியது. செத்தவீட்டில் எல்லோரும் அண்ணனைத் திட்டினார்கள். திவாகரனும் சேர்ந்து திட்டினான்.

இன்று மத்தியானம் ஷாமில் போன் எடுத்தான். "உன்ட அண்ணன், நிலோஜன் நானா, கிழவன் மாதிரி மெல்லமாக் கார் ஓடுற ஆள், மச்சான். எனக்கு மனசு கேக்குதில்ல. நாளைக்கு வந்து வால்வப் பாக்கிறன். நீ தொடாத."

வால்வைப் பார்த்தால் ஷாமிலுக்கு விளங்கும். பிறகு அண்ணனின் மனைவி தனுஷியாவுக்கு. அதற்கு முன் மூட வேண்டும்.

பின்னேரத்து மழை இருட்டில் இடப்பக்கக் கதவால் ஏறி உட்கார்ந்தபோதுதான் முள் அசைவதைக் கண்டான். சீட்டின் பஞ்சுக்குள் இன்னும் தேங்கியிருந்த வாவித் தண்ணீர், சேறும் அழுகிய கரையோரக் கண்ணா மரத்து இலையும் மீன் செதிலும் கலந்த வாடையோடு பிதுங்கி, காற்சட்டையை நனைத்து, முதுகு வரை குளிராக ஏறியது. பற்றரியைக் கழற்றியாயிற்று. முள் மெல்ல ஏறி, நின்று, இறங்கி, பூச்சியத்துக்குக் கீழே போய்த் திரும்பியது. அதே கணக்கில் வால்வுக்குள் ஒரு சீறல், சளி கட்டிய நெஞ்சுக்குள் காற்றுப் போய்வருவது மாதிரி.

அண்ணன் நித்திரை கொண்டால் இப்படித்தான் கேட்கும்.

"தம்பி, காருக்குள்ள என்ன செய்யிறீங்க?" குசினியிலிருந்து தனுஷியா கேட்டாள்.

"ஒண்டுமில்ல மச்சாள். போனைத் தேடுறன்."

"கையில பத்துற லைட்டு யார்ர போன்?"

அவன் குனிந்து வால்வைக் கொஞ்சம் மூடினான். முள்ளின் ஏற்றம் குறைந்தது. அவன் மூச்சும் குறைந்தது. குளிருக்கு என்று நினைத்தான். இன்னும் கொஞ்சம் மூடினான். சீறல் தேய்ந்தது. நெஞ்சு கட்டியது.

திறக்கப் பார்த்தான். வால்வு திரும்பவில்லை.

அவன் விரல்களின் மேல் வேறு விரல்கள். தண்ணீரில் ஊறிச் சுருங்கியவை. குழந்தையின் கையைப் பிடித்து அரிச்சுவடி எழுத வைப்பது போல, பொறுமையாக மூடின. முழுதாக.

முள் நின்றது.

சாரதிப் பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்தது. வட்டமாக. திரும்பவும். திவாகரன் தன் பக்கக் கண்ணாடியில் வாயை ஒட்டி ஊதினான். ஒன்றும் படியவில்லை.

தனுஷியா குடையோடு வந்தாள். அவன் பக்கம் குனிந்தாள். அவன் கண்ணாடியில் அடித்தான். சத்தமில்லை. அவள் பார்வை அவனுக்கூடாகப் போய், அடுத்த சீட்டில் நின்றது. ஒரு மாதமாகக் காணாத சிரிப்பு.

"எப்ப வந்தீங்க?" என்றாள். "இறங்குங்க. நுளம்பு கடிக்கும்."

மற்றக் கதவு திறந்தது. காரின் அந்தப் பக்கம் பாரம் விட்டு உயர்ந்தது.

அவள் வீட்டுக்கு நடந்தாள். குடையைத் தன்னைவிட உயரமான ஆளுக்குப் பிடிப்பது போலத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளுடைய ஒரு தோள் மழையில் நனைந்தது. குடைக்குக் கீழே, மழை படாத இடத்திலும், தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.