பத்து இருபது மின்வெட்டு

காலை 10.25. தகடுகள் அடுக்கியிருந்த மரச்சட்டம் காலியாகக் கிடந்தது.

பன்னிரண்டும் போயிருந்தன. பார்வையற்ற பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில் கணக்குத் தேர்வின் கேள்விகளைக் குத்தி வைத்திருந்த துத்தநாகத் தகடுகள் அவை. தகட்டோடு தாளைச் சேர்த்து உருளையில் அழுத்தினால் தாளில் புள்ளி எழும். தேர்வு மறுநாள் காலை. நாலரை மணி பஸ்ஸில் கட்டு ஏறாவிட்டால் நாற்பத்து மூன்று பேரும் அடுத்த வருஷம்தான் எழுத வேண்டும் என்று பள்ளி கறாராகச் சொல்லிவிட்டது. புதிதாகத் தகடு குத்த இரண்டு நாள் பிடிக்கும், அதுவும் கரண்ட் இருந்தால். இந்த ஊர்க் கரண்டை நம்பி நாள் கணக்குச் சொல்கிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை.

அன்று கரண்ட் போனது 10.20க்கு. அச்சகத்தை நடத்தும் அக்கா, மெஷின்காரர், புரூப் பார்க்கிறவள் மூவரும் அப்போது தெருவில் காகித வண்டியிடம் நின்றிருந்தார்கள். கீழ்க்கடை ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்றைக்குச் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டான் என்று சலித்துக்கொண்டார். கடைசிக் காகிதக் கட்டை மாடிப்படித் திருப்பத்தில் இறக்கிவிட்டு மேலே வந்தால் இந்தக் கோலம்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. நாலு நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது. மொட்டை மாடித் தொட்டி காய்ந்து கிடந்தது.

புரூப் பார்க்கிறவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு புள்ளி பிசகினாலும் அவள் விரல் பிடித்துவிடும். அதனால் எல்லோருக்கும் அவள் டீச்சர். அவள் சட்டத்தின் பக்கமே போகவில்லை. நேரே மெஷினிடம் போய், சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சைத் தடவிப் பார்த்தாள். வெளியே, எதிர்ச்சாரி லேத் பட்டறை காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். டீச்சர் வேண்டாம் என்றாள்.

எதிர்ச்சாரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். போன வாரம்தான் அவர்களை வேறு லைனில் சேர்த்திருந்தார்கள். அங்கே கரண்ட் போவது மத்தியானம்தான்.

10.35க்கு அக்காவின் தம்பி உள்ளே வந்தான். கட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. பத்து நாள் வெளியூர் சுற்றிவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் போலீசுக்குப் போகலாம் என்றான். அவர்கள் வந்து எழுதி முடிப்பதற்குள் பஸ் போய்விடும், எனக்குக் கால் மணி கொடுங்கள் என்றாள் டீச்சர்.

"அண்ணே, கீழ இறங்கும்போது ஸ்விட்ச் எப்படி இருந்துச்சு?"

"மேலதான் விட்டேன். பத்து நிமிஷத்துல வந்துடப் போறோமேன்னு," என்றார் மெஷின்காரர்.

"இப்ப இறங்கியிருக்கு."

"அக்கா இறக்கியிருப்பாங்க."

அக்கா தலையாட்டி மறுத்தாள். அவர் இறக்கியிருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள்.

கரண்ட் திரும்பி வரும்போது உதைத்துக்கொண்டு வரும். அதில் இரண்டு முறை மோட்டார் புகைந்துவிட்டது. அதிலிருந்து அந்த அச்சகத்தில் ஒரே சட்டம்: கரண்ட் போனால், பக்கத்தில் இருப்பவர் எவரானாலும் முதலில் ஸ்விட்சை இறக்க வேண்டும். நாளடைவில் அது யோசிக்காமலே கை செய்கிற காரியமாகிவிட்டது.

அக்காவின் பார்வை மெஷின்காரர் மேல் போய் நின்றது. போன மாதம் பெரிய அச்சகம் ஒன்று அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. கட்டுகளைச் சுமந்துகொண்டு படித்திருப்பம் வரை தனியாகப் போய் வந்தவரும் அவர் ஒருவர்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பதினெட்டு வருஷம் கூட இருந்த மனிதருக்கு அந்தப் பார்வை நன்றாகவே சுட்டது.

"நீ எங்க இருந்த தம்பி?" என்றாள் டீச்சர்.

"எதிர்க்கடைல ஜெராக்ஸ் எடுக்கப் போனேன் டீச்சர். பாதியில கரண்ட் போயிடுச்சு. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு வந்துட்டேன்."

அந்த ஊரில் எந்தக் கேள்விக்கும் கரண்ட் போய்விட்டது என்பது ஒன்றே பதில். அதற்கு மேல் யாரும் கிண்டுவதில்லை.

"கொஞ்சம் காது குடுத்துக் கேளு," என்றாள் டீச்சர். "லேத் ஓடுது. நான் மேல வந்ததுலேர்ந்து நிக்கவே இல்ல. அந்தப் பக்கம் இன்னும் கரண்ட் போகல தம்பி. போனது இங்கதான்."

மணி 10.50.

அவள் குரலை உயர்த்தாமலே சொன்னாள். ஸ்விட்சை இறக்கியவர் 10.20க்கு இந்த அறைக்குள் இருந்தவர். வெளியாளாக இருந்தால் தகட்டை எடுத்தோமா போனோமா என்று போயிருப்பான். மெஷினைக் காப்பாற்றத் தோன்றாது. ஃபிரிட்ஜ் நின்ற நேரத்தில் மெஷின்காரர் கீழே அவள் பக்கத்தில் நின்றார். அவர் தலையில் கட்டைத் தூக்கி வைத்ததே அவள்தான். அக்காவும் அங்கேதான் இருந்தாள். மிச்சம் ஒரே ஆள். கட்டு ஏற்றத் தொடங்குமுன், எல்லோர் கவனமும் வண்டியில் இருந்தபோது அவன் இந்த அறைக்கு ஏறி வந்திருக்க வேண்டும். படித்திருப்பத்தில் ஆள் நடமாட்டம் இருந்ததால் அவனால் கீழே வர முடியாது. மேலேதான் போயிருக்க வேண்டும்.

"அண்ணே, தொட்டி மூடியைத் திறந்து பாருங்க."

மூன்றே நிமிஷத்தில் மெஷின்காரர் பன்னிரண்டு தகடுகளோடு வந்தார். அக்கா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பரவாயில்லை விடு என்றார் அவர்.

தம்பி அக்காவைப் பார்த்துத்தான் பேசினான். "மூணு வருஷமா நீ சூடா ஒரு வாய் சாப்பிட்டதில்ல. கரண்ட் வந்தா ஓடற, போனா இடிஞ்சு போய் உட்கார்ற. இந்த ஒண்ணு தவறிட்டா மூடிடுவேன்னு நெனச்சேன்."

"மூடணும்னு நான் சொன்னேனா?" என்றாள் அக்கா.

டீச்சர் அவன் குரல் வந்த பக்கம் திரும்பினாள். கோபம். "எட்டாவதுல எனக்குக் கேள்வித்தாள் வரல. கேட்டா கரண்ட் இல்லன்னாங்க. ஒரு வருஷம் சும்மா வீட்ல கிடந்தேன். என் ஒருத்தியோட போகட்டும்னு பார்த்தா, நீ நாப்பத்து மூணு பேரை உட்கார வைக்கப் பார்க்கறியே."

போலீசுக்குச் சொல்வாயா என்று தம்பி கேட்டான். அக்கா மெஷினின் பக்கவாட்டில் இருந்த இரும்புச் சக்கரத்தைக் காட்டினாள். மோட்டார் பொருத்துவதற்கு முன்னால் கையால் சுற்றியது.

"முதல்ல இதைச் சுத்து."

பன்னிரண்டு பக்கம், நாற்பத்து மூன்று பிரதி. ஐந்நூற்றுப் பதினாறு முறை தாள் உள்ளே போய் வெளியே வர வேண்டும். மெஷின்காரர் தாள் கொடுத்தார், அக்கா எடுத்து அடுக்கினாள், டீச்சர் ஒவ்வொன்றையும் தடவினாள். புள்ளி மழுங்கிய ஒன்பது தாளை ஈவிரக்கமின்றிக் கிழித்துப் போட்டு மறுபடி அடிக்கச் சொன்னாள். தம்பியின் உள்ளங்கை தோலுரிந்தது. யாரும் மாற்றிவிடவில்லை. அவனும் கேட்கவில்லை.

3.50க்குக் கடைசித் தாள் வந்தது. கரண்ட் வரவில்லை. அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

தம்பி வழக்கம்போலக் கட்டுகளைத் தூக்கக் குனிந்தான். அக்கா மறித்தாள். பஸ்ஸுக்கு மெஷின்காரரும் தானும் போவதாகச் சொன்னாள். பிறகு கையை நீட்டினாள்.

"அச்சகச் சாவியைக் குடு."

அவன் கொடுத்தான். அக்கா அதை வாங்கி டீச்சரின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நீ திற. கரண்ட் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."