நாய்க்கு உண்டு உப்பு

தூத்துக்குடியில் விடிந்ததும் ஆட்கள் முதலில் பார்ப்பது அடுத்த வீட்டு வாசல் விளக்கைத்தான். கழிவறையில் இருக்கும் உப்புணரிக் கருவி வீட்டாரின் சிறுநீரில் உள்ள உப்பை அளக்கும். உப்பு அளவுக்குள் இருந்தால் விளக்கு பச்சை, தாண்டினால் மஞ்சள். பாதி ஊர் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் கிடந்த காலத்தில் போட்ட சட்டம் அது. நோய் போய்விட்டது, விளக்கு போகவில்லை. உப்பளத்து ஊரில் உப்புத் தின்பவரைத் திருடரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

கிளாட்வின் வீட்டில் ஒரு வாரமாக மஞ்சள். மகள் ஷைனியைப் பெண் பார்க்க வரும் நேரத்திலா இப்படி என்று அவன் விளக்கையே போய்ப் போய்ப் பார்த்தான்.

நாய்களுக்குச் சட்டமில்லை. அவர்கள் வீட்டு ஜிம்மிக்கு அட்ரினல் சுரப்பி பழுது. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் அல்டோஸ்டிரோன் என்ற இயக்குநீர் அதற்குச் சுரப்பதில்லை. அதனால் மாதாமாதம் ஊசியும் ஒரு டப்பா உப்பும் அரசாங்கமே கொடுக்கிறது. அந்த டப்பாவுக்குள் கைவிட்ட மனைவி பியூலாவை முந்தாநாள் அவன் கையும் களவுமாகப் பிடித்தான்.

"நாய் உப்ப நக்குதியே, வெக்கமா இல்ல?"

"வாய் கேக்கலங்க. உடம்பு கேக்கு."

அவன் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினான். அதோடு விட்டானா? கழிவறைக்குப் போகக்கூடாதென்று அவளிடம் ஒரு வாளியைக் கொடுத்தான். விளக்கு பச்சையானது. பியூலாதான் படுத்த படுக்கையானாள். வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பேசாமலிருந்தான்.

பெண் பார்க்கும் நாளன்று காலையில் ஜிம்மிக்கு ஊசி போடக் கால்நடை மருத்துவர் ஹெப்சிபா வந்தார். கதவைத் திறக்க எழுந்த பியூலா அவர் காலடியிலேயே சரிந்தாள். அவர் நாடி பார்த்தார். கறுத்துப் போயிருந்த ஈறுகளைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா உப்பு கேக்காங்க?"

"அது... ஒரு கெட்ட பழக்கம் டாக்டர்."

"பழக்கம் இல்ல அண்ணாச்சி. ஜிம்மிக்கு இருக்க அதே வியாதி மாதிரிதான் தெரியுது. உப்பத் தின்னதால சிறுநீர்ல போகல. சிறுநீர்ல போறதால தின்னுருக்காங்க. உணரிக்கு அது தெரியாது. உங்களுக்குமா தெரியல?"

கிளாட்வின் பியூலாவைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறைக் கட்டிலில் கிடத்தினான். வாளி கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அதை அவர் பார்த்துவிடக்கூடாதே என்று காலால் உள்ளே தள்ளினான். தள்ளிய பிறகு தன் கால் மீதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஹெப்சிபா தன் பையிலிருந்து ஊசி எடுத்துப் போட்டு, ஜன்னல் கம்பியில் சலைன் பையைக் கட்டினார். "நான் மாட்டு டாக்டர். இது கொஞ்ச நேரந்தான் தாங்கும். வண்டி கொண்டாறேன், ஆஸ்பத்திரிக்குப் போகணும். லேட் பண்ணுனா உயிருக்கே ஆபத்து."

அவர் போன கையோடு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசல் விளக்கை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்ததும் மேஜையில் கிடந்த காலி மருந்துக் குப்பி அவர் கண்ணில் பட்டது.

"வீட்ல யாருக்கும் சுகமில்லையா?"

ஷைனி அப்பாவையே பார்த்தாள். உண்மையைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

"நாய்க்கு" என்றான்.

அவர்கள் சிரித்தபடி உட்கார்ந்தார்கள். உள்ளறையில் பியூலா, குமட்டும் சத்தம் வெளியே கேட்டுவிடாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.