அக்காவுக்கு ஒரு நீச்சல் டீச்சர்

அக்கா வெனிங் ஒரு தீவுக்குப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கட்டில் கண்ணிலேயே படவில்லை. அதன்மேல் அத்தனை சாமான்கள்: கொசுவலை, மழைக்கோட்டு, கட்டுக்கட்டாக வண்ணப் பென்சில்கள், அம்மா வறுத்து டப்பாவில் அடைத்த நெத்திலிச் சம்பல்.

தீவின் பெயர் வாய்லுவா. கிழக்கே, மலுக்குக் கடலில், வெகுதூரம் தள்ளி இருந்தது. அங்கே பள்ளிக்கூடம் உண்டு, பாடம் நடத்தத்தான் ஆள் இல்லை. ஒரு வருடம் அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்க இளைஞர்களைத் தேடினார்கள். அவர்கள் ஊரான சலாத்திகாவில் தேர்வானவள் வெனிங் மட்டும்தான்.

தங்கை கினந்திக்குப் பத்து வயது. அவளுக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வந்தது. இனி இடி இடித்தால் யாரை ஒட்டிக்கொண்டு படுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊருக்கு வெளியே இருக்கும் ஊற்றுக்குளத்துக்குப் போனார்கள். கினந்தி போன வேகத்தில் குதித்து, அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பியும் வந்துவிட்டாள். வெனிங் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். விளையாட்டாக அவள் கையைப் பிடித்து இழுத்தாள் கினந்தி. அக்காவின் முகம் வெளிறிப்போனது. படியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள்.

கினந்தி கரையேறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவும் அப்பாவும் தள்ளி, மரத்தடியில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு நீச்சல் தெரியாது, கினா," என்றாள் வெனிங் மெதுவாக. "முழங்காலுக்கு மேல தண்ணி வந்தாலே மூச்சு முட்டுது."

பிறகு மீதியையும் சொன்னாள். தீவுக்கு அனுப்பும் முன் பயிற்சி முகாம் ஒன்று உண்டு. அங்கே எல்லோரும் மல்லாந்து மிதந்து காட்ட வேண்டும். வாய்லுவாவுக்குச் சின்னப் படகில்தான் போக முடியும் என்பதால், மிதக்கத் தெரியாதவர்களை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே. அங்க போய்ச் சமாளிச்சுக்கறேன்."

"எப்படிச் சமாளிப்பே?"

"அதுதான் தெரியல."

வீடு திரும்பும்போது வண்டியில் கினந்தி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். சும்மா இருந்தாலே போதும் என்று தோன்றியது அவளுக்கு. அவள் எதுவுமே செய்ய வேண்டாம். அக்கா போவாள், மிதக்க மாட்டாள், திரும்பி வந்துவிடுவாள். கட்டிலும் காலியாகிவிடும். நினைக்க நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் எதிர் இருக்கையில் இருந்த அக்காவின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வெனிங் பாடம் நடத்திப் பழகினாள். மாணவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கினந்தி, இன்னொருவன் பக்கத்து வீட்டு தெகர். பள்ளிக்கூடம் என்றாலே தெகருக்கு வயிற்றுவலி வரும். அதிலும் பின்னம் என்றால் காய்ச்சலே வந்துவிடும்.

வெனிங் ஒரு தேங்காய்க் கேக்கை எடுத்து வந்தாள். வெட்டினாள், ஒட்டினாள், மறுபடி வெட்டினாள். அரைப் பங்கு வேண்டுமா, நாலில் இரண்டு பங்கு வேண்டுமா என்று தெகரிடம் கேட்டாள். நாலில் இரண்டுதான் வேண்டும், அதுதான் பெரிசு என்று அவன் அடம்பிடித்தான். அவள் அப்படியே வெட்டி அவன் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு துண்டையும் சேர்த்து அரைக் கேக்கின்மேல் வைத்துப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானா?" என்றான். "இதுக்கா நான் ஒரு வருஷமா அடி வாங்கினேன்?"

வெனிங் சிரித்தாள். கினந்தி சிரிக்கவில்லை. வாய்லுவாவிலும் ஒரு தெகர் இருப்பான், அவனுக்குக் கேக் வெட்டிக் காட்ட அங்கே யாரும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அக்காவின் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு. குளத்துக்குப் போறோம்."

"எதுக்குடி?"

"நீ மிதக்கணும்ல. வா."

சைக்கிளில் போனார்கள். முதல் நாள் எதுவும் சரியாக நடக்கவில்லை. கினந்தி முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுக்கச் சொன்னாள். பின்தலை நனைந்ததும் வெனிங் கத்தி, தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து முழுகி எழுந்து, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்கள். அடுத்த நாளும் அதே கதைதான். அதற்கடுத்த நாள், தனக்கு இதெல்லாம் வராது என்று சொல்லி வெனிங் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கினந்திக்குக் கோபம் வந்தது. ஆனால் தெகரிடம் அக்கா ஒருமுறைகூடக் கோபப்படவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"உனக்கு எப்பப் பயம் வருது? சரியா எந்த நேரத்துல?"

வெனிங் யோசித்தாள். அப்படி யாரும் அவளைக் கேட்டதே இல்லை.

"காதுல தண்ணி போகும்போது," என்றாள். "சட்டுனு ஒரு சத்தமும் கேக்காது. எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்ட மாதிரி இருக்கும்."

கினந்தி குளத்தின் அடியிலிருந்து இரண்டு கூழாங்கற்களை எடுத்தாள். மேல்படியில், அரைச் சாண் ஆழத் தண்ணீரில் அக்காவைப் படுக்க வைத்தாள். கீழே படி, எங்கேயும் முழுகிவிட முடியாது. காது மட்டும் நனைந்தால் போதும் என்றாள். பிறகு கற்களைத் தண்ணீருக்குள் பிடித்து, ஒன்றோடொன்று தட்டினாள்.

டொக். டொக்.

வெனிங்கின் கண்கள் அகலத் திறந்தன. வெளியே லேசாகக் கேட்கும் அந்தச் சத்தம் தண்ணீருக்குள் அவள் காதோரமே கேட்டது.

"நான் தட்டிக்கிட்டே இருப்பேன்," என்றாள் கினந்தி, அக்கா எழுந்து உட்கார்ந்ததும். "தள்ளிப் போனாலும் கேக்கும். சத்தம் கேட்டா நான் இருக்கேன்னு அர்த்தம்."

அன்று மேல்படி. மறுநாள் அதற்குக் கீழ்ப்படி. அடுத்த வாரம் படிகளே இல்லாத இடம். கினந்தி கையை மெல்ல விலக்கிக்கொண்டு, பின்னால் நகர்ந்து, தட்டிக்கொண்டே இருந்தாள். அக்கா மிதந்தாள். கைகளை விரித்து, காலை நேரத்து வானத்தைப் பார்த்தபடி அமைதியாகக் கிடந்தாள். கினந்திக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் தட்டுவதை நிறுத்தக்கூடாதே.

வீட்டில் சாப்பாடு போட்டபடியே அம்மா துணிக்கொடியைக் காட்டிக் கேட்டாள். "தினமும் ரெண்டு ஜோடி ஈரத்துணி காயுது. நம்ம வீட்ல யாராவது மீன் பிடிக்கப் போறீங்களா?"

இருவரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் சைக்கிள் கூடையில் மடித்து வைத்த துண்டு இரண்டு இருந்தன.

வெனிங் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் அம்மா அழுதாள். அப்பா அழாததுபோல் நடித்தார். கினந்தி கையசைத்துக்கொண்டே இருந்தாள். பேருந்து திரும்பி மறைந்த பிறகுதான் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் தொலைபேசி அடித்தது. அப்பா அப்போதுதான் தன் சூப்புக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அன்று காலையில்தான் கடலில் மிதந்து காட்டியதாக வெனிங் சொன்னாள். அலை தூக்கித் தூக்கிப் போட்டதாம். அவள் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். வாய்லுவாவுக்குப் படகு அடுத்த திங்கட்கிழமை.

அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கினா இருக்காளா?" என்றாள் வெனிங். "இங்க பயூங்கறவர் ஒருத்தர் இருக்கார். ஆறடி உயரம். என்னைவிடப் பயந்தவர். நாளைக்கு அவருக்கு இன்னொரு வாய்ப்பு குடுத்திருக்காங்க. எனக்கு யார் சொல்லிக்கொடுத்ததுன்னு கேட்டார். சொன்னேன். உன்கிட்ட பேசணுமாம்."

அம்மா எழுந்து போய் இரைச்சல் போட்ட மின்விசிறியை நிறுத்தினாள். கினந்தி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அண்ணா," என்றாள். "உங்களுக்கு எப்பப் பயம் வருது? சரியா எந்த நேரத்துல?"

அந்தப் பக்கம் ஒரு கட்டைக் குரல் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கியது.

"அது வந்து, டீச்சர்..."