பேனரில் ஏறிய ஜன்னல்

இங்கிலீஷில் ராஜ்கமலுக்குத் தெரியாத வார்த்தை இன்னும் பிறக்கவில்லை. இதைச் சொன்னது ராஜ்கமலேதான். ஆறாம் வகுப்பில் யாராவது அகராதியைத் திறந்தால், "பாவம், தெரியாதவங்க பாக்குற புக்கு" என்று வருத்தப்படுவான்.

இங்கிலீஷ் டீச்சர் வசந்தாவுக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. புதுச்சேரியில் காதுகுத்துக்கே தெருவை அடைத்து பேனர் வைப்பார்கள். டீச்சருக்கு வைக்காமல் விடலாமா? வழியனுப்பு விழாவுக்குக் கம்பீரமான வார்த்தை ஒன்று வேண்டும் என்று எல்லோரும் ராஜ்கமலிடம் கேட்டார்கள். எங்கோ பார்த்த ஒரு நீளமான வார்த்தையை எடுத்துக் கொடுத்தான்.

விழா அன்று காலை பேனர் ஏறியது. 'எங்கள் அன்பு டீச்சருக்கு டிஃபெனஸ்ட்ரேஷன் விழா.' கீழே டீச்சரின் சிரித்த முகம்.

அதே வகுப்பு அபிக்கு மட்டும் அந்த வார்த்தையின் நடுப்பகுதி உறுத்தியது. பிரெஞ்சில் ஜன்னலுக்கு 'ஃபெநெத்ர்' என்று படித்திருந்தாள். லத்தீனின் 'ஃபெனஸ்ட்ரா'தான் அப்படி மாறியதாம். அகராதியைப் புரட்டினாள். முன்னால் நிற்கும் 'டி'யும் லத்தீன்தான். 'அதிலிருந்து கீழே' என்று பொருள்.

அபி ராஜ்கமலிடம் ஓடினாள்.

"ராஜ்கமல், ஒருத்தரை ஜன்னல் வழியா வெளியே தூக்கிப் போடுறதுக்குத்தான்டா இந்தப் பேரு."

ராஜ்கமல் பேனரைப் பார்த்தான். அதிலிருந்த டீச்சரின் முகத்தைப் பார்த்தான். "இதுக்குன்னு ஒரு வார்த்தையே வச்சிருக்காங்களா?" என்றான்.

பக்கத்தில் நின்ற கார்குழலி அழவே ஆரம்பித்துவிட்டாள். ஊரை விட்டுப் போகிற நாளில் டீச்சர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? பேனர் கட்டிய அண்ணன் ஏணியோடு போய்விட்டார். டீச்சரின் ஸ்கூட்டரோ கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

விழாவுக்கு வாங்கி வைத்திருந்த உதிரிப்பூக் கூடையை அபி தூக்கினாள். "எதையாவது தூக்கிப் போட்டே ஆவணும், வாடா" என்று ராஜ்கமலை மாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

டீச்சர் பேனரைப் படித்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். புருவம் நெற்றியில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

"என்னையா?" என்றார்.

மாடி ஜன்னலிலிருந்து சாமந்தியும் ரோஜா இதழும் கொட்டின. தலையில், தோளில், கையிலிருந்த ஹெல்மெட்டுக்குள். அண்ணாந்து பார்த்தார். ஜன்னலில் இரண்டு தலைகள்.

"உங்கள இல்ல டீச்சர், பூவத்தான்" என்றாள் அபி.

டீச்சர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி நழுவியது. இப்படி ஒரு வழியனுப்பு எந்த ஊர் டீச்சருக்கும் நடந்திருக்காது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா தொடங்கியது. "அடுத்து வாழ்த்துரை, ராஜ்கமல்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். ஆளைக் காணோம்.

அபி தேடிப் போனாள். காலி வகுப்பறையில், கடைசி பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான் ராஜ்கமல். ஒரு கையில் அவன் இங்கிலீஷில் எழுதிய வாழ்த்துரை, மறு கையில் அவளுடைய அகராதி. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிக்கொண்டிருந்தான்.